ராத்திரி யாரு பாப்பாங்க?

ஹடப்சரில் பஸ் ஏறி உட்கார்ந்து, மடியில் இருந்த ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ரெஜினாக்காவின் கணவர் அருள்தாஸ் அண்ணனின் போன் வந்தது. "ரெஜினா போயிட்டாம்மா. காலைல டீ போட்டு எடுத்துட்டுப் போறேன், எந்திரிக்கல." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. அன்று காலை பதினொரு மணிக்கு பட்ஜெட் ஆய்வுக் கூட்டம். பேசவேண்டியவர் ரெஜினாக்கா. நான் பக்கத்தில் உட்கார்ந்து காகிதம் எடுத்துக் கொடுப்பவள்.

"அண்ணா, இப்படியே கோர்படிக்கு, வீட்டுக்கே வந்துடறனுங்க" என்றேன்.

"அடக்கம் சாயங்காலம்தான். நீ மீட்டிங்குக்குப் போ. இப்ப வந்து உக்காந்து அழுதீன்னா அவளே எழுந்து உன்னைத் திட்டுவா."

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அக்காவை சர்ச் பாடகர் குழுவில் தெரியும், கிறிஸ்துமஸ் கேக்கில் தெரியும். அலுவலகத்து ரெஜினாக்காவைத் தெரிந்தவர்கள் குறைவு. அரசு மானியத்தில் நடக்கும் ஆதரவற்றோர் இல்லங்களை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. அந்த இல்லங்களுக்கு அடுத்த வருடம் என்னென்ன வேண்டும் என்று மாநில பட்ஜெட்டுக்குக் கேட்டு எழுதுவது என் வேலை. பக்கத்துப் பக்கத்து மேசை. நாள் முழுக்க மராத்தியில் பேசிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் இருவரும் தமிழுக்கு வருவோம். என் கோயம்புத்தூர்ப் பேச்சு அவருக்குப் பெரிய வேடிக்கை. "அரே, எல்லாத்துக்கும் 'ங்க' போடுற! ஃபைலுக்கும் போடுவியா?" என்பார்.

ஒருமுறை என்னையும் ஆய்வுக்கு இழுத்துக்கொண்டு போனார். போன் செய்துவிட்டுப் போகலாம் என்று சொன்னதற்கு முறைத்தார். எப்படியோ சேதி எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. வாசலில் ரங்கோலி, தட்டில் பேடா, கொடியில் வரிசையாக வெள்ளைத் துண்டுகள். நான் அசந்துபோய்விட்டேன். அக்கா பேடாவைத் திரும்பியும் பார்க்காமல் நேரே கொடிக்குப் போய் ஒவ்வொரு துண்டாகப் பிடித்துப் பார்த்தார். "எல்லாரும் குளிச்சாச்சுன்னு சொல்றாங்க. ஒரு துண்டாவது ஈரமா இருக்கா பாரு. கடையில மடிச்ச மடிப்பு கூடக் கலையல." அறிக்கையில் பேடாவையும் சேர்த்து எழுதினார். அந்த இல்லத்து நிர்வாகி அதன்பிறகு அவரைக் கண்டாலே வேறு பக்கம் போய்விடுவார்.

போசரிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்கள் இல்லம் இருக்கிறது. மனவளர்ச்சி குன்றிய பெண்கள். அங்கே மாலதி என்று ஒருத்திக்குத் தூக்கத்தில் வலிப்பு வரும். அதற்காகவே இரவு நர்ஸ் ஒருவருக்குப் பணியிடம் உண்டு. முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றபின் யாரையும் போடவில்லை. பகலெல்லாம் அடுப்படியில் நின்று களைத்த சமையல்காரம்மாதான் அங்கே படுத்துக்கொள்கிறார். ஆள் இல்லாததால் சம்பளம் செலவாகவில்லை. செலவாகாததால், அது தேவையில்லாத பணியிடம், அடுத்த பட்ஜெட்டில் நீக்கலாம் என்று மேலிருந்து குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு அக்கா டப்பாவை மூடிவைத்துவிட்டார். "ஆள் போடாம விட்டதும் இவங்க. பணம் மிச்சம்னு குஷியாகிறதும் இவங்க. அந்தப் பொண்ண ராத்திரி யாரு பாப்பாங்க?" அன்று அவர் சாப்பிடவே இல்லை.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம். பட்ஜெட்டில் ஒவ்வொரு இனமாக வாசிப்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் தலைமை அதிகாரி "மான்ய" என்பார், ஒப்புதல் ஆகிவிடும். நாலு வாய் டீ குடிப்பதற்குள் நாலு திட்டம் போய்விடும். அக்கா மட்டும்தான் கையை உயர்த்தி "ஏக் மினிட், சாஹேப்" என்பார். பல சமயம் அடுத்து என்ன சொல்வது என்று அவருக்கே தெரியாது. "முதல்ல வண்டிய நிறுத்தணும். அப்புறம் ஏறிக்கலாம்" என்பார் என்னிடம். எனக்கோ, அதிகாரிகள் முன்னால் வாயைத் திறந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்று அக்காவின் நாற்காலி காலி. சேதி கேட்டு எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். பிறகு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போசரி இல்லத்தின் முறை வருவதற்குள் என் புடவைத் தலைப்பு கசங்கிக் கந்தலாகிவிட்டது. இரவு நர்ஸ் பணியிடம் நீக்கம் என்று வாசித்தார்கள். எல்லார் கண்ணும் காலி நாற்காலிக்குப் போய்த் திரும்பியது. "மான்ய" என்று சொல்ல வாயெடுத்துவிட்டார் சாஹேப்.

"ஏக் மினிட், சாஹேப்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அடுத்த இனத்தை வாசிக்கத் தொடங்கினார்கள். ஐயோ, போச்சே என்று பதறி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் அறை அடங்கியது.

"போலா" என்றார் சாஹேப், சொல்லுங்கள் என்று.

பஸ்ஸில் மனதுக்குள் தயாரித்த மராத்தி ஒரு வார்த்தை நினைவில் இல்லை. "ராத்திரி யாரு பாப்பாங்க?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். யாருக்கும் புரியவில்லை. பிறகு மராத்தியில் கேட்டேன்: "ராத்ரீ கோண் பக்ணார்?" சாஹேப் ஃபைலை வாங்கிப் புரட்டினார். "நேரில் பார்த்து அறிக்கை கொடுங்கள், அதுவரை இது நிலுவை" என்றார். யார் பார்ப்பது என்று ஒருவர் கேட்டார். பேனாவால் என்னைக் காட்டினார் சாஹேப்.

சாயங்காலம் கோர்படியில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டேன். அருள்தாஸ் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "வண்டி நின்னுச்சா?" "இப்போதைக்கு நின்னுருக்குங்ணா" என்றேன். அவர் குனிந்து அதை அக்காவிடம் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அக்காவின் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. யாராவது இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வரும் வியாழக்கிழமை போசரிக்குப் போகிறேன். போன் செய்யாமல்தான் போவேன். கொடியில் கிடக்கும் துண்டுகளைத் தொட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ரெஜினாக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு மாலதி "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்பாளாம். இந்த முறை அவர் எங்கே என்று கேட்பாள். என்ன சொல்வதென்று நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. அறிக்கைக்குப் பிறகும் அந்தப் பணியிடம் நிலைக்குமா, தெரியாது. ரெஜினாக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்வி. பயம் இன்னும் போகவில்லை. பயந்துகொண்டேதான் கேட்பேன், ஆனால் எழுந்து நின்று கேட்பேன்.