பூக்காத நாலு வரிசைச் செவ்வந்தி

இன்று தென்காசி பஸ்ஸில் செல்லம்மாள் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குத்துக்கல்வலசையில் எங்கள் புது வீட்டு மதிலை ஒட்டித்தான் அவருடைய செவ்வந்தித் தோட்டம்.

"பூ எப்படிக்கா இருக்கு?" என்றேன்.

"மத்ததெல்லாம் பூத்துட்டு டீச்சர். ஒங்க மதில் பக்கம் நாலு வரிசை மட்டும் மொட்டே வைக்கல. உரம் வச்சேன், மருந்தடிச்சேன். நேத்து பிடுங்கி மாட்டுக்குப் போட்டுட்டேன்."

திருட்டுப் பயத்தில் மதில்மேல் விடிய விடிய எரியும் லைட்டைப் போட்டது நான்தான். செவ்வந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். இரவில் வெளிச்சம் பட்டால், பூக்கவிடாத ஒரு புரதம் இலையில் உருவாகி, பூக்கச் சொல்லும் புரதத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?"

"தெரியும்க்கா. வருஷா வருஷம் பாடம் நடத்துதேன்."

இறங்கும்போது அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லைட்டைக் கழற்றிவிட்டேன். தாவரவியல் பட்டம் ஹாலில் மாட்டியிருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத்தான் ஒருநாளும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டு லைட் யார் தோட்டத்தில் விழுகிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.