பழப் பார்ச்சில் ஓர் இலை அதிகம்

பூட்டிய பெட்டி என்றால் எனக்கு ஆகாது. திறந்து பார்த்தால்தான் சோறு இறங்கும். என் அம்மாவிடம் அப்படி ஒரு பூட்டு இருந்தது. அவர் காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். அங்கே உள்ளவர்கள் நம்மைப் போலத்தான் கோயிலுக்குப் போவார்கள், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அம்மாவின் தமிழே அப்பாவிடம் கற்றுக்கொண்டதுதான். கோபம் வந்தால் அது ஓடிப்போய், மலாய் வந்துவிடும். பிறந்த வீடு எது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் எந்த மொழியிலும் வாய் திறக்க மாட்டார். ரப்பர் தோட்டத்தில் ஆள்களை வேலைவாங்கும் மண்டோரான அப்பாவைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று, "இனிமேல் இந்தப் படியை மிதிக்காதே" என்று அம்மாவின் அப்பா சொல்லிவிட்டாராம். துருவித் துருவிக் கேட்டதில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவை ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலேயே பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். டவுன் தமிழ்ப்பள்ளியில் எனக்கு வேலை கிடைத்த பிறகு உஜோங் பாசிரில் அறை எடுத்துக் குடிவந்தோம். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் காஜா பேராங். ஆனால் அம்மா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

நாடு சுதந்திரம் வாங்கப்போகிற வருடம் அது. எங்கள் தலைமையாசிரியருக்குத் திடீரென்று ஒரு யோசனை. பள்ளி மண்டபத்தில் ஊரின் பழைய பொருள்களையும் படங்களையும் வைத்து ஒரு கண்காட்சி. "இங்க பொறந்தவன் யாரு, வந்தவன் யாருன்னு எல்லாரும் பேசுறானுங்க. நம்மகிட்ட என்ன இருக்குன்னு முதல்ல நாம பாப்போம்" என்பார். சனிக்கிழமைகளில் எங்களை உட்கார வைத்துப் பயிற்சி. பழைய படத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, பஞ்சால் தூசி தட்ட வேண்டும். பொருள் யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று சீட்டு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு வட்டாரமாக நடந்துபோய் வீடுவீடாகக் கேட்டு வர வேண்டும். காஜா பேராங் என்றதும் நான் கை தூக்கிய வேகத்தில் பக்கத்திலிருந்த ஆசிரியை நாற்காலியோடு நகர்ந்துகொண்டார். அம்மாவிடம் மட்டும் தெங்கேராப் பக்கம் போகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

முதல் இரண்டு வாரமும் கம்போங்கைச் சுற்றிச் சுற்றி வந்ததில் ஓடாத கடிகாரம் ஒன்றும், எண்ணெய் காணாத குத்துவிளக்கு ஒன்றும் கிடைத்தன. எல்லா வீட்டுக் கிழவர்களின் முகத்திலும் அம்மாவின் மூக்கைத் தேடினேன். கொஞ்சம் விட்டிருந்தால் எல்லாரையும் தாத்தா ஆக்கியிருப்பேன். 'அம்மாவைத் தெரியுமா' என்று வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. தெரியும், ஆனால் வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால்?

மூன்றாவது ஞாயிறு, பழக்காலம் உச்சத்தில் இருந்தது. ஒரு வீட்டில் வெற்றிலைப் பெட்டி தருகிறேன் என்று ஓர் அம்மாள் கூப்பிட்டார். சாரோங் கட்டிக் கெபாயாச் சட்டை போட்டு, வேலை நடுவில் வியர்த்துப்போயிருந்தார். "மாசோக், மாசோக்" என்று உள்ளே அழைத்தவர், இன்றைக்குப் பார்ச்சு, கொஞ்சம் உட்காரு, படைத்துவிட்டு எடுத்துத் தருகிறேன் என்றார்.

பார்ச்சு என்றால் வீட்டில் இறந்தவர்களுக்குப் படைப்பது. பொங்கலுக்கு முந்தின நாள் சாப்பாடு, வருட நடுவில் பழங்கள். நம்மிடமும் படையல் உண்டுதான். ஆனால் இந்த வீட்டில் ஆளுக்கொரு இலை, அவரவர் ஆசைப்பட்டதெல்லாம் அவரவர் இலையில். பாய்மேல் வரிசையாக மூன்று இலைகள். என்னால் சும்மா இருக்க முடியுமா?

"இது யாருக்கு?" என்று மலாயில் கேட்டேன்.

"என் அப்பாவுக்கு." டுரியான், கறுப்புக் கோப்பி, ஒரு சுருட்டு.

"நடுவில்?"

"என் தங்கைக்கு." அந்த அம்மாள் சிரித்தார். "பார், வாழைப்பழத்தைக் கிச்சாப்பில் முக்கி, இடித்த மிளகாய் தொட்டுத் தின்பாள். பார்க்கிற எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு தோட்டத்து ஆளோடு போனாள். ஜப்பான் காலத்தில் இரண்டு பேரும் சயாமில் செத்துப்போனார்கள். அங்கிருந்து தப்பி வந்த ஒருவன் சொன்னான்."

வாழைப்பழமும், கிச்சாப் என்கிற கறுப்புச் சோயாச் சாறும். எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் நடக்கும் அக்கிரமம் அது. அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பிள்ளைகள் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

"அவங்க சாகல" என்றேன். "அப்பாதான் சயாமுக்குப் போனாரு. அம்மா உஜோங் பாசிர்ல இருக்காங்க. காலையிலகூட என்னைத் திட்டினாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தார். "ஐயோ சாமி, உயிரோட இருக்கிறவளுக்கு!" என்று இரண்டு கையாலும் அதை வரிசையிலிருந்து வெடுக்கென்று இழுத்தார். கிச்சாப் பாயில் சிந்தியது. தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டார். பிறகுதான் என் முகத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓடு. விளக்கு ஏற்றுவதற்குள் கூட்டிக்கொண்டு வா." வெற்றிலைப் பெட்டியை நான் மறந்தே போனேன். அது பிறகு கண்காட்சிக்கு வந்தது. சீட்டில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறாயே என்று தலைமையாசிரியர் குறைபட்டுக்கொண்டார்.

அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்கச் சொல்லி முடித்ததும், "தெங்கேராவா போன நீ?" என்றார். பிறகு, "அப்பா இருக்கிற வரைக்கும் அந்தப் படிய நான் மிதிக்கமாட்டேன்லா."

"அவர் இல்லம்மா. அவருக்கும் இலை போட்டிருக்காங்க. டுரியான், கோப்பி, சுருட்டு."

அம்மாவின் கையில் சட்டை முறுகிக்கொண்டே இருந்தது. "சுருட்டு வேற கேக்குதா" என்றார். அழவில்லை. எனக்கோ பார்த்ததையெல்லாம் கொட்டித் தீர்க்காமல் அடங்காது. மூன்றாவது இலை யாருக்கு என்று கேட்காமலே ஓடிவந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இன்னொரு இலையும் இருந்துச்சும்மா, முழுக்க மங்குஸ்தீன். அதுவும் ஒண்ணு விடாம உரிச்சு, வெள்ளை வெள்ளையா அடுக்கி. மத்த பழமெல்லாம் தோலோட இருக்கு, இது மட்டும் ஏன் உரிச்சு?"

சட்டை கையிலிருந்து நழுவியது. "உரிச்சா?"

"ஆமா."

அம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மாக்குக்கு, என்னைப் பெத்தவங்களுக்கு, கட்டை விரல் மடங்காது. சின்னதுல கதவுல நசுங்கினது. மங்குஸ்தீன அவங்களால அமுக்கித் தொறக்க முடியாது." நழுவிய சட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "மாக் இருக்காங்க, என்னைக்காவது ஒரு நாள் ஆள் அனுப்புவாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். அவருடைய தாய் இறந்த செய்தியை நான் ஏதோ பழத்தின் கதை சொல்வது போல அவரிடம் சொல்லியிருந்தேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் சேலைகூட மாற்றவில்லை. ஈர முந்தானையோடு என்னோடு பஸ் ஏறினார். அந்தப் படியில் அம்மாவும் பெரியம்மாவும் முதலில் கட்டிக்கொள்ளவில்லை, சண்டைதான் போட்டார்கள். நீ ஏன் வரவில்லை என்று ஒருவர், நீ ஏன் தேடவில்லை என்று மற்றவர். எல்லாம் மலாயில், என்னால் பின்தொடர முடியாத வேகத்தில். சண்டை ஓய்ந்து, அழுகையும் ஓய்ந்த பிறகு அம்மா பாய்மேல் போய் உட்கார்ந்தார். அவருடைய இலை இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஓரமாக இருந்த பழக்கூடையிலிருந்து ஒரு மங்குஸ்தீனை எடுத்து அமுக்கித் திறந்து, தன் தாயின் இலையில் வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"அங்கேதான் நிறைய இருக்கிறதே" என்றார் பெரியம்மா.

"நான் போனதுக்கப்புறம் மாக்குக்கு யார் உரித்துக் கொடுத்தது?"

"யாரும் இல்லை" என்றார் பெரியம்மா. "நீ போன அன்றே மங்குஸ்தீன் சாப்பிடுவதை விட்டுவிட்டாள்."