ஞானசேகரன் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்

ஞானசேகரன் அண்ணன் காலமான செய்தி நம் புகைப்படக்காரர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் கடையில் யாருடைய கல்யாணப் படத்தையோ ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். நெஞ்சுவலி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். அடுத்த நிமிடமே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவர் உயிரோடு இருந்தபோது நம்மில் ஒருவர் கையும் அவருக்காக உயரவில்லை.

அவரைப் 'பத்திரக்காரர்' என்று கேலி செய்தோம். அவரிடம் ஆல்பம் வாங்கியவர்கள் அடுத்த பிரதிக்கு என்னிடம்தான் வருவார்கள். ஓரத்தில் இருக்கும் அவர் பெயரை அழித்துவிட்டு நான் அச்சிட்டுக் கொடுப்பேன். அவர் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து சங்கக் கூட்டத்தில் சொன்னார்: "காசு வாங்கிக்கினு எடுத்தா, வேற மாதிரி எழுதி வாங்காத வரைக்கும் படம் கஸ்டமருதாம். அப்ப படம் எடுத்தவனுதுன்னு எழுதி வாங்கிடலாம். எல்லாரும் சேந்து வாங்கினா யாரு மாட்டேன்னு சொல்லுவாங்க?"

ஒரு கையும் உயரவில்லை. நம்மில் பாதிப் பேர் கடையில் ஸ்கேனர் இருந்தது.

அவர் மட்டும் எழுதி வாங்கினார். "கல்யாண வூட்ல வந்து பத்திரத்த நீட்டறாரு" என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. வந்துகொண்டிருந்த கல்யாணங்களும் குறைந்தன.

களமருதூர் நிலக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டார். மகள் கல்யாணம் முடிந்த கையோடு அந்த ஆல்பத்தை என்னிடம் கொண்டுவந்து, சம்பந்தி வீட்டுக்கும் உறவுக்காரர்களுக்கும் பிரதி கேட்டார். கடைசிப் பக்கத்தில் அண்ணனின் முத்திரை இருந்தது. பார்த்துவிட்டுத்தான் போட்டுக் கொடுத்தேன்.

விஷயம் தெரிந்து அண்ணன் அந்த நிலக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பிரதியே எடுக்கவில்லை என்று பதில் வந்தது. அதன்பிறகு என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மூர்த்தி, எனுக்காக நீ எதுவும் பண்ண வாணாம். நடந்தத சொல்லு, போதும்."

"தினம் எத்தினியோ பேரு வராங்கண்ணா. ஞாபகம் இல்ல."

"முகூர்த்தம் முடியற வரைக்கும் முட்டி போட்டுக்கினு எடுத்தேன். எனுக்கு ஞாபகம் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது என்று வக்கீல் கைவிட்டார். அதன்பிறகு அண்ணன் என்னுடன் பேசவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனபோது, அவர் மனைவி மல்லிகா அண்ணி ஒரு படத்தை எடுத்துவந்தார். சங்கத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போயிருந்தபோது, பைக்கில் சாய்ந்து அண்ணன் சிரித்துக்கொண்டிருந்ததை நான் எடுத்தது.

"பெருசு பண்ணி மாலை போடணும் தம்பி. இன்னொரு கடையில குடுத்து காபி போட்டுக்கினு வரேன்னு பொண்ணு கெளம்பினா. நான்தான் நிறுத்தினேன். எடுத்தவங்கள கேக்காம காபி போட்டா அவருக்குப் புடிக்காது. போட்டுக்கலாங்களா?"

திருப்பிப் பார்த்தேன். 'மூர்த்தி எடுத்தது' என்று பின்பக்கம் அண்ணனின் கையெழுத்து.

"போட்டுக்கோங்க அண்ணி."

"ரொம்ப நன்றிங்க தம்பி."

நம் சங்கத்தின் இரங்கல் கூட்டத்தில் அவருடைய திறமையைப் பற்றி நான் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். என்னால் முடியாது. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வீட்டில் வாங்கிய நன்றி ஒன்றுதான். அதைச் சொல்லும் வாய்ப்பை அவருக்கு நான் ஒருநாளும் கொடுக்கவில்லை.