யாக்கோபு செய்த கதவுகள்

ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் நாடகம் என்றால் செட் போட யாக்கோபுதான். பகலில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பெட்டி அடிக்கும் தச்சர். மிஞ்சிய பலகையும் தெர்மாகோலும் கிடைத்தால் போதும், சர்ச் மேடையில் பெத்லகேமையே இறக்கிவிடுவார். கடைசி வரிசைக்காரன் நம்பினால்தான் அது செட் என்பார். தலைக்கனம் உண்டு; இருந்துவிட்டுப் போகட்டும், கை அப்படி.

அந்தக் கைதான் 2010இல் ஒரு கட்டையும் செய்தது. தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினின் கதவை மூடினால் ஒரு சுவிட்ச் அமுங்கும்; அப்போதுதான் மெஷின் ஓடும். ஒவ்வொரு பீசுக்கும் கதவைத் திறந்து மூடினால் டார்கெட் வராது.

"அந்த சுவிட்ச்சுல சொருகுற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு யாக்கோபு. நாடகத்துக்கு இன்னான்னமோ பண்றியே," என்றார் சூப்பர்வைசர் பலராமன்.

யாக்கோபுவுக்குப் பெருமை பிடிபடவில்லை. உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். கதவு மூடியிருப்பதாக மெஷினே நம்பியது. மூன்றாம் மாதம், திறந்த கதவுக்குள் கைவிட்ட ஆபரேட்டர் இசக்கி மெஷினில் சிக்கிச் செத்துப்போனான். விசாரணைக்கு முன்பே பலராமன் கட்டையை உருவி யாக்கோபுவிடம் திணித்துவிட்டார். இசக்கியே சுவிட்ச்சில் ஏதோ தகிடுதத்தம் செய்துவிட்டான் என்று எழுதி முடித்தார்கள்.

அதிலிருந்து யாக்கோபு செய்த எந்தக் கதவும் மேடையில் மூடி நிற்பதில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் யோசேப்பு தட்டுவதற்கு முன்பே சத்திரக் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஜனம் சிரித்தது. யாக்கோபு கீலை மாற்றினார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கோணல் எதுவுமில்லை. உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிறார்கள். யாரென்றும் அவருக்குத் தெரியும்.

2013 மார்ச்சில் கம்பெனியில் பாதுகாப்பு வார நாடகம். பிரஸ் மெஷினையே செட்டாகப் போடச் சொன்னார்கள். முன்வரிசையில் இசக்கியின் மனைவி மாரிசெல்வி உட்கார்ந்திருந்தாள். இப்போது அங்கே கேன்டீனில் வேலை. நாடகம் பாதி நடக்கையில் தெர்மாகோல் மெஷினின் கதவு மெல்லத் திறந்தது.

"எதனா கட்டை வெச்சு நிறுத்துய்யா!" என்று ஓரத்திலிருந்து பல்லைக் கடித்தார் பலராமன்.

கட்டை யாக்கோபுவின் பையில்தான் இருந்தது, மூன்று வருடமாக. எடுத்தார். கதவுப் பக்கம் போகவில்லை. மேடையிலிருந்து இறங்கி அதை மாரிசெல்வியின் கையில் வைத்தார்.

"இத்த சொருகித்தாம்மா கதவைத் தொறந்து வெச்சுக்கினு மெஷினை ஓட்டுனாங்க. செஞ்சு குடுத்தது நானு. இசக்கி மேல ஒரு தப்பும் இல்ல."

மாரிசெல்வி அதைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தாள்.

"சிராய் இல்லாம நல்லா இழைச்சிருக்கியளே அண்ணே," என்றாள். "அவுக கையில குத்திறக் கூடாதுன்னா?"