மரைக்காரின் குடல் முறுக்கு

மருதமுனையில் தறிகள் வைத்து நடத்திய சீனிமுகம்மது மரைக்கார், சபையில் தும்மினாலே மானம் போய்விடும் என்று நினைக்கிறவர். கக்கூஸ் என்ற சொல்லையே அவர் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

ஐம்பத்தாறாம் ஆண்டு, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து அவருடைய வயிறு றபான் மேளம் போல உப்பியது. வாய்வு என்று உள்ளிப்பூண்டைச் சுட்டுத் தின்றார். வலியோ விட்டுவிட்டு முறுக்கியது, பிறகு வாந்தி. மனைவி ஹாஜறா கார் பிடித்து மட்டக்களப்புக்கு ஏற்றிக்கொண்டு போனாள்.

டொக்டர் சில்வெஸ்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மலம் போனதா? காற்றாவது பிரிஞ்சதா?"

பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்றாள். மரைக்கார் கூரையைப் பார்த்தார்.

"ஓம். எல்லாம் ஒழுங்கா நடக்கு."

டொக்டர் மருந்தெழுதப் பேனாவை எடுத்தார். ஹாஜறாவுக்குப் பொறுக்கவில்லை.

"பொய், டொக்டர்! முந்தநாள்ல இருந்து ஒண்டும் போகல்ல. காத்துமில்ல. இந்த மனிசன் வெக்கத்துல செத்து மௌத்தாகப் பாக்கார்!"

பேனா கீழே போனது. எக்ஸ்ரேயில் குடல் பெரிய வளையமாக வீங்கி நின்றது.

"குடல் முறுக்குப்பட்டுப் போச்சு. அதோட இரத்தக் குழாயும் நெரியுது. இரத்தம் போகாத சதை செத்து அழுகும். உடனே ஒப்பரேசன் செய்யணும்" என்றார் டொக்டர்.

திறந்தபோது குடல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. முறுக்கைப் பிரித்து, வெந்நீரில் நனைத்த துணியால் மூடிவிட்டுக் காத்திருந்தார்கள். பெரும்பகுதி மெல்லச் சிவந்து உயிர் பிடித்தது. ஒரு சாண் மட்டும் கறுத்தபடியே கிடந்தது. அதை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள்.

"அறுந்த இழைய முடிஞ்ச மாதிரியா?" கண் விழித்த மரைக்கார் கேட்டார்.

"ஓம். ஆனா குடல் வேலை செய்யுதா எண்டு காற்றுப் பிரிஞ்சாத்தான் தெரியும்."

அன்றிலிருந்து வார்டு முழுவதற்கும் அதே கவலை. எதிர்க் கட்டிலில் காலுடைந்து கிடந்த தம்பிலுவில் ஊர்க்காரர் சின்னப்போடி, கண் விழித்ததுமே கேட்பார்: "மரைக்கார், வந்துதா?" மரைக்கார் போர்வைக்குள் முகத்தை மறைப்பார்.

வந்தது. பள்ளிவாசல் நிர்வாகிகள் சுகம் விசாரிக்க வந்து, கட்டிலைச் சுற்றி அமர்ந்து துஆ ஓதி முடித்த நேரத்தில், நீளமாக வந்தது. நிர்வாகிகள் ஜன்னலை ஆராய்ந்தார்கள். சின்னப்போடி கை தட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஹாஜறா அழுதாள். தையல் இழுக்க இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரைக்கார் சிரித்தார்.

ஊர் திரும்பியவர் வேறு மனிதர். யாருக்காவது வயிற்று வலி என்று காதில் விழுந்தால் போதும், அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். ஸலாம் சொன்னதற்கு அடுத்த வார்த்தையே, "காத்துப் போகுதா? வெக்கப்படாமச் சொல்லுங்க" என்பதுதான். மகளுக்கு மாப்பிள்ளை பேச வந்தவர்களிடமும் கேட்டார்.