மேஜைக்கு அடியில் ஒரு பெடல்

தையல் கம்பெனியில் அவருக்கு 'நட்டு' என்று பெயர். முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. யாராவது அதைச் சொல்லி அழைத்தால் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். வேலை, மெஷின் மெக்கானிக். நூல் அறுந்தாலும் மோட்டார் முனகினாலும் ஏதோ ஒரு வரிசையிலிருந்து "நட்டண்ணா!" என்று குரல் வரும். கையில் இருக்கும் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போவார். சூடான டீயை அவர் முழுசாகக் குடித்ததை அந்தக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு கள்ளத்தனம் உண்டு. புதிதாகச் சேரும் பெண்ணுக்குக் கொடுக்கிற மெஷினில், மோட்டாரில் பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை மாட்டிவிடுவார். புல்லி சின்னதானால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் மெஷின் பறக்காது, விரல் ஊசிக்கு அடியில் போகாது. கை பழகியதும் சத்தமில்லாமல் பழைய புல்லி திரும்ப வந்துவிடும். வேகமெல்லாம் தன் கைக்கு வந்த வேகம் என்று அந்தப் பெண் பெருமை அடித்துக்கொள்ளும். நட்டு வாயே திறக்க மாட்டார்.

இதைக் கண்டுபிடித்தவள் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவர் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"என் மெஷின்ல கை வெச்சது யாரு?"

"ஏன், என்ன ஆச்சு?"

"பக்கத்து மெஷின் ஒரு சத்தம் போடுது, என்னோடது வேற சத்தம் போடுது. நான் என்ன கைக்கொழந்தையா?"

நட்டுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கம்பெனியில் இருந்ததிலேயே பெரிய புல்லியாகப் பார்த்து மாட்டிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் ஊசி அவளுடைய ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துவிட்டது. கட்டுப் போட்ட விரலோடு நேராக இவரிடம் வந்தாள். நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று இவர் தலையைக் குனிந்து நின்றார்.

"இப்பதான் மெஷின் மாதிரி ஓடுது. திரும்ப மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வந்தது. அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணம் ஆனது. நகத்தின் நடுவில் ஒரு வடு மட்டும் தங்கிவிட்டது. அது கண்ணில் பட்டால் நட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

வீடியோ கேம் பெட்டி மகளுக்காக வாங்கியது. பேர்தான் மகளுக்கு. அவள் தூங்கப் போனதும் டிவி முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். மகள் படித்து, கல்யாணமாகி வேறு ஊர் போய், அவளுக்கும் ஒரு குழந்தை பிறந்துவிட்டது. பெட்டி மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. வெள்ளையாக வந்த பெட்டி இப்போது பல் தேய்க்காதவன் பல் மாதிரி மஞ்சளாகிவிட்டது. புது டிவியில் அதைச் செருக வழியில்லை என்பதற்காக, பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி பின்னால் புடைத்த பழைய டிவியை நட்டு தூக்கிப்போட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பெட்டியைக் கழற்றிப் பரப்பிவிடுவார். உப்பிப்போன கெப்பாசிட்டரை மாற்றுவார், ஆட்டம் அடங்கிய கேசட்டின் செப்புப் பற்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பார். எக்ஸ்பிரஸுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. கேசட்டை எடுத்து 'ஃபூ' என்று ஒரு ஊது ஊதித் திணிப்பாள்.

"எச்சில் பட்டா துருப்பிடிக்கும்னு எத்தனை தடவை சொல்றது?"

"படம் வந்துச்சா இல்லையா?"

வந்துவிடும். அதுதான் அவருக்கு எரிச்சல்.

இருவரும் ஆடுவது ஒரே ஆட்டம், பைக் பந்தயம். ஒரே திரையில் சிவப்பு வண்டி அவளுக்கு, நீல வண்டி இவருக்கு. ஜாய்ஸ்டிக்கின் இடதுபக்கக் கூட்டல்குறி பட்டனால் வண்டியைத் திருப்ப வேண்டும், வலதுபக்கப் பட்டனை அமுக்கினால் வேகம். பெரும்பாலும் ஜெயிப்பது அவள்தான். எப்போதாவது இவர் ஜெயித்தால் அன்றைக்கு வீட்டில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழும்.

போன வருஷம் எக்ஸ்பிரஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு தப்பித்தது, ஆனால் பேச அவளுக்கு மனசில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், அதோடு சரி. மகள் வந்து அழுது பார்த்தாள். பயிற்சி சொல்லித்தர வந்த பெண் கெஞ்சிப் பார்த்தாள். நட்டு சமைத்துக் கொண்டுவந்து வைப்பார். பாதி அப்படியே திரும்பிப் போகும். உயிரோடு இருக்கும்போதே அவள் கையை விட்டுப் போகிறாள் என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கம்பெனியில் மூலையில் கிடந்த ஒரு மெஷின் பெடலை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தார். அதற்கு ஒரு ஸ்பிரிங், அடியில் ஒரு சுவிட்ச். சுவிட்சிலிருந்து இரண்டு வயர் இழுத்து, அவளுடைய ஜாய்ஸ்டிக்கைத் திறந்து, வேகப் பட்டன் இருக்கும் இடத்தில் பற்றவைத்தார். டிவி முன்னால் ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு, மேஜைக்கு அடியில், இடது கால் எட்டும் இடத்தில் பெடலை முடுக்கினார். திருப்ப இடது கை, வேகத்துக்கு இடது கால்.

"வந்து மிதிச்சுப் பாரு. வேற ஒண்ணும் கேக்கல."

மிதித்துப் பார்த்தாள். சிவப்பு வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. ஆனால் அன்று ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றாள், மறுநாள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நட்டுவின் கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. தன்னுடைய ஜாய்ஸ்டிக்கைத் திறந்தார். வேகப் பட்டனுக்குக் கீழே, மின்சாரத்தைக் கடத்தும் ஒரு கறுப்புக் கரித்தகடு இருக்கும். அதன் பாதியை மறைத்து ஒரு மெல்லிய டேப் துண்டை ஒட்டி மூடிவிட்டார். இனி அழுத்தும்போது வேகம் சில சமயம் போகும், சில சமயம் போகாது. சாதாரண ஆளுக்குத் தெரியாது.

எக்ஸ்பிரஸ் ஜெயிக்க ஆரம்பித்தாள். தானாக எழுந்து நாற்காலிக்கு வந்தாள். இடது கையாலேயே தலை வாரிக்கொண்டாள். மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பாவுக்குக் கண்ணு மங்கிடுச்சு போல, மேடு வந்தாலே வண்டி படுத்துக்குது" என்று கேலி செய்தாள். நட்டு வேலைக்குப் போகும் வழியில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனார்.

ஆனால் அவள் சாதாரண ஆளா? ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், மேஜைமேல் அவருடைய ஜாய்ஸ்டிக் திறந்து கிடந்தது. ஒற்றைக் கையால் ஸ்க்ரூவைக் கழற்ற அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ. டேப் துண்டு, அவர் எப்போதும் சாப்பிடும் தட்டின் நடுவில் ஒட்டியிருந்தது.

"என் மெஷின்ல கை வெச்சது யாரு?" என்றாள்.

"இது என்னோட ஜாய்ஸ்டிக்தானே..."

"உங்க கட்டைவிரல் நகம் வெளுக்குற அளவுக்கு அமுக்குறீங்க, வண்டி நிக்குது. ஓடுற மெஷினையும் அமுக்குற கையையும் பாத்துப் பாத்தே வயசு போச்சு எனக்கு. என்கிட்டயேவா?" குரல் உடைந்தது. "கை போச்சு, கால் போச்சு. இப்ப ஜெயிச்சதும் பொய்யா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் படுத்தாள். அந்த வாரம் முழுக்க எழுந்து வரவில்லை, சாப்பாடு மறுபடி பாதியாகத் திரும்பியது. கம்பெனியில் யாராவது கூப்பிட்டால்கூட நட்டு வேறு வரிசைக்குப் போய் நின்றார். உள்ளதைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள், மறைத்தால் மதிக்க மாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வடு விழுந்த நகம்தான் கண்ணில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஜாய்ஸ்டிக்கைக் கட்டிலுக்கே எடுத்துப் போனார். அவள் கண்முன்னால் திறந்து, கரித்தகட்டைத் துடைத்து, மூடி முடுக்கினார்.

"பாத்துக்கிட்டியா? இனிமே இதுல ஒண்ணுமில்ல. வா."

ரொம்ப நேரம் கழித்துத்தான் எழுந்து வந்தாள். பந்தயம் தொடங்கியது. முதல் மேட்டிலேயே நீல வண்டி முந்திவிட்டது. விரலைக் கொஞ்சம் தளர்த்து, கொஞ்சம் தளர்த்து என்று அவருக்குள் ஒரு குரல் நச்சரித்தது. அவள் திரையைவிட அதிகமாக அவருடைய கட்டைவிரலைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தளர்த்தவில்லை. ஒரு முழுச் சுற்று வித்தியாசத்தில் அவளைத் தோற்கடித்தார். ஜெயித்து அவர் இவ்வளவு வேதனைப்பட்டதே இல்லை.

எக்ஸ்பிரஸ் ஜாய்ஸ்டிக்கை மேஜைமேல் வைத்தாள். போய்ப் படுக்கப் போகிறாள் என்று நினைத்து, அவளைத் தாங்கிக்கொள்ள அவர் எழுந்தார். அவள் எழவில்லை. காலால் பெடலை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தாள்.

"ஸ்பிரிங் தொளதொளன்னு கெடக்கு. நோயாளிக்குன்னு லேசா வெச்சீங்களாக்கும். இறுக்குங்க."

நட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தார். ஒரு திருகு திருகினால் முடிந்துபோகிற வேலை. ஆனால் கண் முழுக்கத் தண்ணீராகிவிட்டது. திருகு எது, வயர் எது என்று தெரியவில்லை. சட்டை நுனியால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

மேலே 'ஃபூ' என்று சத்தம் கேட்டது. கேசட்டை எடுத்து ஊதுகிறாள்.

"என்ன, அங்கயே தூங்கிட்டீங்களா? வண்டி ரெடியா நிக்குது, வாங்க."