படுக்கப்போகும் முன் ஒரு சாக்லேட்

என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். மகள் தவழ ஆரம்பித்த சமயத்தில் விமானம் ஏறினார். அதிலிருந்து அவளுக்கு அப்பா என்றால் போனில் தெரிகிற முகம், அட்டைப்பெட்டியில் வருகிற சாக்லேட். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவிலேயே இப்படி வேறு வீடுகளும் உண்டு.

பெட்டி கடையநல்லூர் வழியாக வரும். அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அந்த ஊர் பாய் லீவில் வரும்போது கொண்டுவருவார். நான் பஸ் ஏறிப் போய் வாங்கி வருவேன். பிரவுன் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருப்பதைப் பிரிப்பதற்குள் கத்தி மழுங்கிவிடும். உள்ளே சோப்பு, தைலம், மிச்சமெல்லாம் சாக்லேட். பாய் ரம்ஜானுக்கு வந்தாலும் ஒரு பெட்டி, கிறிஸ்மஸுக்கு வேறு யார் வந்தாலும் ஒரு பெட்டி.

தினமும் வேலை முடிந்து அவர் கூப்பிடும்போது நாங்கள் சாப்பிட்டு, மகள் பல் தேய்த்து, குடும்ப ஜெபமும் முடித்திருப்போம். அவள் வீடியோ காலில் வந்து உட்கார்ந்ததும் ஒரு சாக்லேட் எடுத்து அவர் கண்முன்னால் தின்ன வேண்டும். "தின்னு மக்கா, அப்பா பாக்கட்டும்" என்பார். அவள் கன்னத்தில் ஒதுக்கி வைத்துச் சப்புவாள். அவரும் தன் வெறும் வாயைச் சேர்த்து அசைப்பார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அந்த மனுஷர் அந்த வெயிலில் வண்டி ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். பேச்சு முடிவதற்குள் அவள் என் மடியில் தூங்கிவிடுவாள். எழுப்பி வாய் கொப்பளிக்கச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுவாள்.

முன்பல் ஓரங்கள் பழுப்பாகி, பிறகு கறுத்தன. அவரிடம் சொன்னேன். "பால்பல்லுதானட்டி, விழுந்து முளைக்கும்" என்றார். சர்ச்சில் பெண்களிடம் கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஊரே சேர்ந்து ஒன்றைச் சொல்லும்போது நாம் மட்டும் என்னத்தைக் கண்டோம் என்று இருந்துவிடத் தோன்றும்.

போன வருஷம் டிசம்பரில் அவள் கன்னம் வீங்கி, காய்ச்சல் அடித்தது. அன்றைக்கென்று பார்த்துச் சர்ச்சிலிருந்து கேரல் பாட வந்தார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் மிட்டாயை நீட்ட, பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. கடைவாய்ப் பால்பல் பத்து வயதுக்கு மேலும் இருக்க வேண்டியது, அது முன்னாலேயே போனால் பின்னால் வருகிற பல் இடம் கிடைக்காமல் கோணிக்கொள்ளும் என்று விளக்கினார். மிட்டாயே கொடுக்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டோடு கொடுத்து, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வையுங்கள், வாயில் ஒதுக்கிச் சப்ப விடாதீர்கள், ராத்திரி நீங்களே தேய்த்துவிடுங்கள், அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது என்றார்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "அப்போ நான் அவளுக்கு எப்பிடித்தான் ஊட்டுவேன்?"



அதோடு சாக்லேட் மத்தியானத்துக்குப் போயிற்று. அந்நேரம் அவர் வண்டியில் இருப்பார். ராத்திரி மகள் என் மடியில் தலை வைத்து வாயைத் திறந்து காட்டுவாள். நான் ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பேன். கறுப்பு மேற்கொண்டு பரவவில்லை. போனில்தான் பேச்சுக் குறைந்துவிட்டது. சாப்பிட்டியா, படிச்சியா என்று கேட்பார். ரெண்டுக்கும் ம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் அந்த ஒரு சாக்லேட்டைத் தவிர வேறு எதுவுமே இருந்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பல்லைக் காப்பாற்றப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இந்தக் கிறிஸ்மஸுக்கு லீவு கிடைத்து வந்தார். பண்டிகையன்று பிரியாணி சாப்பிட்டு முடித்ததும், போனில் இல்லாமல் நேரிலேயே, ஒரு சாக்லேட்டைப் பிரித்து அவள் வாயில் வைத்தார். அவள் கடித்துத் தின்றுவிட்டு, யாரும் சொல்லாமலே கொப்பளிக்கப் போனாள். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

ராத்திரி, நானே தேய்த்துவிடுகிறேன் என்று பிரஷை வாங்கிக்கொண்டார். துணி துவைக்கிற அளவுக்குப் பேஸ்டைப் பிதுக்கினார். அவள் சமர்த்தாக அவர் மடியில் தலை வைத்து வாயைத் திறந்தாள். பிடுங்கிய பல்லின் இடத்தை அப்போதுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தார். பிரஷ் அங்கேயே நின்றுவிட்டது. அவர் கண் கலங்கியதை அவள் எப்படிப் புரிந்துகொண்டாளோ, அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சமாதானமாகச் சொன்னாள்.

"ஒங்களுக்குத் தெரியாதுப்பா. அம்மாட்ட குடுங்க."

அவர் பிரஷை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவள் வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தாள்.